மகஜர் எழுதுகிறவள்

ரேஞ்ச் ஆபீசில் என் கையெழுத்துதான் அழகு.
அதனால் பன்னிரண்டு வருசமாய்
மகஜர் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கொம்பையாவுக்கும் நான்தான் எழுதினேன்.
உடும்பு ஒன்று, உயிரற்றது.
எடை ஒரு கிலோ எழுநூறு கிராம்.
சுருக்குக் கம்பி ஒன்று. கிழிந்த சாக்கு ஒன்று.
மேற்படி எதிரி எங்களைக் கண்டதும் ஓட முயன்றான்.

அவன் ஓடவில்லை.
பீடியை அணைத்துவிட்டு எழுந்து நின்றான்.
ஆனால் அந்த வாக்கியம்
எல்லா மகஜரிலும் வந்துவிடும்,
கை தானாக எழுதும்.

பெருவிரலில் மை தடவும்போது கேட்டான்:
"என்ன எழுதியிருக்கு, தாயி?"
"நடந்ததுதான்."
மூன்று வருசம். பாளையங்கோட்டை.

அப்புறம் போன ஆவணி.
புளியரை எஸ் வளைவில், ராத்திரி ரெண்டு மணிக்கு
டயர் வெடித்து நின்றது எங்கள் இலாகா ஜீப்.
ஆரியங்காவுக்கு வைக்கோல் ஏற்றிப் போன லாரிக்காரர்
பாவம், ஜாக்கியோடு உதவிக்கு இறங்கினார்.
ஸ்டெப்னி எடுக்கப் பின்கதவைத் திறந்தால்
மூன்று உரச்சாக்கு.
அடியில் சொட்டிக்கொண்டிருந்தது.
அவர் செல்போனை எடுத்திருக்காவிட்டால்
விடிவதற்குள் குழம்பாகியிருக்கும்.

"எழுதும்மா" என்றார் டி.எஃப்.ஓ.
'எதிரி' என்று தொடங்கினேன்.
தாளின்மேல் விரல் வைத்தார்.
"அன்னார்னு போடு."

அன்னார் ஓட முயலவில்லை.
அன்னாருக்கு நெஞ்சுவலி,
அன்னார் தென்காசியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்.
மிளா இறைச்சி முப்பத்தொரு கிலோ நானூறு கிராம்,
தக்காளிக் கடைத் தராசில் நிறுத்தது.
தோல் ஒன்று. குளம்பு நான்கு.
டார்ச் இரண்டு, இலாகா எண் பொறித்தவை.
தலை: இல்லை.
கொம்பு: இல்லை.

"தலை எங்க சார்?" என்றேன்.
சுவரில் புலி காலண்டர்.
எல்லாரும் புலியைப் பார்த்தார்கள்.

இன்னொன்றும் அதில் எழுதவில்லை.
முந்தின பொங்கலுக்கு அன்னார் வீட்டிலிருந்து
தூக்குச்சட்டியில் கறி வந்தது. ஆட்டுக்கறி என்றார்கள்.
ஆட்டுக்கு அவ்வளவு பெரிய தொடையெலும்பு கிடையாது.
மகன் இன்னும் ரெண்டு துண்டு கேட்டான்.
வைத்தேன்.

எட்டு மாசம் சஸ்பெண்டு, பாதிச் சம்பளம்.
பிறகு சமூகக் காடுகள் பிரிவில்
நாற்றுப் பண்ணைக்குப் பொறுப்பு.
வேம்பும் புங்கனும் வரிசையாய் நிற்க
அவர் பூவாளியோடு நிற்கும் போட்டோ வந்தது.
வழக்கு நடக்கிறது. பதினோராவது வாய்தா.

"இது போதுமா?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள்,
நான் காக்கி போட்டிருப்பதால்.
ஒரு ராத்திரி கணக்குப் போட்டும் பார்த்தேன்:
ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கிட்ட மூன்று வருசமென்றால்
முப்பத்தொன்றேகாலுக்கு மேல்
ஐம்பத்தைந்து வருசம் வந்தது.
கணக்கு சரிதான். மனுசன் தாங்கமாட்டான்.
உடும்புக்காரனும் தாங்கியிருக்கக் கூடாது.
அதுபோக, காவலுக்கென்று வாங்கிய சம்பளத்தை
எந்தத் தராசில் வைப்பது?
தூக்குச்சட்டியை?

நேற்று கொம்பையா செக்போஸ்டுக்கு வந்தான்.
தேனெடுக்க மேலே போகிறவர்கள்
பதிவேட்டில் பதிய வேண்டும்.
"அந்த ஐயாவுக்கு எத்தனை வருசம், தாயி?"
"எட்டு மாசம்."
"எந்த ஜெயில்ல?"
"வீட்டுல."
கொஞ்சம் யோசித்தான்.
"சோறு?"
"கவர்மெண்டு சம்பளம்தான், பாதி."
"எனக்கும் கவர்மெண்டு சோறுதான்" என்றான்.
கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

மைப் பெட்டியை நகர்த்தினேன்.
வேண்டாமென்று பேனாவைக் கேட்டான்.
உள்ளே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.
குனிந்து, மூச்சைப் பிடித்து, எழுதினான்.
என் எழுத்தளவு அழகில்லை.
ககரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பு,
பகரத்துக்கு முன்னால் இணைக் கொம்பு,
இரண்டும் கோட்டைத் தாண்டி
மேல் வரிசைப் பெயர்களுக்குள் நீட்டிக்கொண்டு.

தடுப்புக் கம்பைத் தூக்கினேன்.